திரும்பி வந்தவற்றின் மேசை

அண்ணியின் காலுக்குச் சரியாக அமைந்த செருப்பு ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பெரிதாக இருப்பவற்றுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வாள். சிறிதாக இருப்பவற்றின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, தேய்த்துக்கொண்டே நடப்பாள். அவள் மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த ஜோடி என்று அண்ணன் சொல்லிவிடுவான். பெரியதற்கு அவன் வைத்த பெயர் படகு. சிறியதற்கு இடுக்கி. "இடுக்கி வருது, டீ போடு" என்பான் என்னிடம்.

போன மாதம் அண்ணி இறந்துபோனாள். வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "என்ன அழகா பார்சல் கட்டும் அந்தக் கை." உண்மைதான். ஆனால் அந்தக் கை ஆசைப்பட்டது வேறொரு வேலைக்கு. தெருமுனைத் தையல் கடையின் மூலையில் ஒரு மெஷின் சும்மா கிடந்தது. அதில் உட்கார வேண்டும், கிடங்கு வேலையை விட வேண்டும், அவ்வளவுதான். அது எப்படி நடக்காமல் போனது என்பது வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அண்ணன் வீட்டில் இருந்துதான் படித்தேன். அண்ணனுக்கு பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அண்ணி கிடங்கு வேலைக்குப் போனாள். ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத பெரிய தகரக் கட்டடம். போனில் பார்த்து வாங்குகிறவர்கள், பிடிக்கவில்லை, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும் பொருளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஓடும் பட்டையில் பார்சல்கள் வந்துகொண்டே இருக்கும். அண்ணி ஒவ்வொன்றையும் பிரிப்பாள், விரித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். கறை இல்லாமல், விலைச்சீட்டு கிழியாமல், புதிது போலவே இருந்தால் பச்சைப் பெட்டி. அது மறுபடி விற்பனைக்குப் போகும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் சிவப்புப் பெட்டி.

சிவப்புப் பெட்டிக்குப் போனதை வெட்ட வேண்டும். அதுவும் அண்ணியின் வேலைதான். துவைத்து, தேய்த்து, மறுபடி உறை போடுகிற செலவுக்குப் புதிதே செய்துவிடலாமாம். சும்மா கொடுத்தால் அப்புறம் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்களாம். குப்பையில் முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்து விற்றுவிடுவானாம். அதற்காக முனை வளைந்த ஒரு கத்தி தருவார்கள். கைதவறாமல் இருக்க மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பையென்றால் வார், ஷூவென்றால் அடிப்பாகம், சட்டையென்றால் தோளிலிருந்து குறுக்காக ஒரே இழுப்பு.

"குழந்தை ஸ்வெட்டர்டி" என்றாள் ஒருநாள் வந்து உட்கார்ந்ததும். "பட்டன்கூடப் போட்டுப் பாக்கல. கவர் மட்டும் கிழிஞ்சிருந்துச்சு. என் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல, ஒரு நிமிஷம் சும்மா நின்னேன். பின்னாடி வந்து நிக்கிறான் பூனை."

பூனை என்பது மேற்பார்வையாளன். ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு சத்தமே இல்லாமல் வருவதால் அந்தப் பெயர். திட்ட மாட்டான். பின்னால் நின்று தொண்டையைச் செருமுவான், அது போதும்.

அந்த வாரமே அண்ணி வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். இந்த வீட்டுக்குள் வந்தது வந்ததுதான். எதுவும் திரும்பிப் போகக்கூடாது. நாமே அனுப்பி, நம் கையாலேயே வெட்ட வேண்டுமா என்பாள். கூடியமட்டும் அங்கே எதுவும் வாங்கவும் கூடாது என்றாள். ஆனால் அது நடக்கவில்லை. போனஸில் பாதியைக் கூப்பனாகத்தான் தந்தார்கள், அதுவும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளச் சொல்லி. எங்கள் தெருவில் இருந்த பாத்திரக் கடையும் துணிக்கடையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடியிருந்தன. ஆகவே பொருட்கள் வந்தன. தவறானவையும் வந்தன. வந்தவை தங்கின.

சமையலறைக்கு வாங்கிய விளக்கு நீல வெளிச்சம் அடித்தது. அதன் கீழே உட்கார்ந்தால் தட்டில் இருப்பதெல்லாம் மருந்துபோலத் தெரியும். திரைச்சீலை ஜன்னலைத் தாண்டித் தரையில் கிடந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அண்ணனுக்கு வந்த பேண்ட் காலுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் நீண்டது.

"கொள்கைன்னா மனுஷன் கடைப்பிடிக்கலாம்" என்றான் அண்ணன், பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "பேண்ட்டுமா கடைப்பிடிக்கணும்?"

"குடுங்க, தையல்காரர்கிட்ட குடுத்து வெட்டித் தைச்சுட்டு வரேன்."

"அதுக்குள்ள நான் வளந்துடுவேன், இரு."

தையல்காரரின் கடை தெருமுனையில் இருந்தது. ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். எலும்பும் தோலுமான மனிதர். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி, அதோடேயே பேசுவார். அப்போது அவர் கடையில் கால்வைக்க இடமில்லை. தெருவே போனில் துணி வாங்கிக்கொண்டிருந்தது, எதுவும் யாருக்கும் பொருந்தவில்லை. எல்லாம் அவரிடம் வந்து குவிந்தது.

"அளவே தெரியாம துணி விக்கிறானே, அவன் நல்லா இருக்கணும்" என்பார்.

மூலையில் இருந்த இரண்டாவது மெஷின் அவருடைய பழைய கூட்டாளியுடையது. அந்தக் கூட்டாளி அதை இவரிடமே விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். மெஷின்மேல் ஒரு துண்டுத் துணி போர்த்தியிருந்தது. பேண்ட்டோடு போன அன்றைக்குக் கூட்டமாக இருந்ததால், "நானே மடிச்சுத் தைச்சுக்கட்டுமாண்ணே?" என்று கேட்டு அண்ணி துணியை விலக்கி உட்கார்ந்தாள். தைத்து முடித்ததும் அவர் பேண்ட்டை வாங்கி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி யூனிபார்ம் தைக்கிற கம்பெனில இருந்தேன்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு அங்க போய் வெட்டிக்கிட்டு இருக்கீங்க."

அண்ணி பேண்ட்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் வேலை சேரட்டும் தங்கச்சி. நிலையா வருதுன்னு தெரிஞ்சதும் இந்த மெஷின் உங்களுக்குத்தான். பெருசா ஒன்னும் குடுக்க முடியாது. ஆனா இங்க வெட்டினா, தைக்கிறதுக்குத்தான் வெட்டுவோம்."

அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்த வேகத்தில் படகா இடுக்கியா என்று அண்ணனால் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அண்ணன் டிப்போவில் இரவு ஷிப்டு கேட்பதாகச் சொன்னான். நான் டியூஷன் எடுக்கிறேன் என்றேன். "நீ படி, போதும்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அண்ணி வேலை முடிந்து வரும்போதெல்லாம் கடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். குவியல் எவ்வளவு உயரம் என்று கையால் காட்டுவாள். இடுப்பளவு என்றால் அன்றைக்கு முகம் மலர்ந்திருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கார அம்மாவின் கோட் வந்தது.

வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தாள். நாங்கள் மாடியில் வாடகைக்கு. அவளுக்கு வந்த கோட்டின் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. படியில் வைத்து அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ வேலை பாக்கற இடத்துக்குத்தானே இது திரும்பிப் போகும்? அப்படியே கையோட கொண்டுபோயிடேன்."

"உள்ள எதையும் எடுத்துட்டுப் போக விடமாட்டாங்கம்மா. பார்சல்லதான் போகணும். தோள்தானே, நம்ம தையல்காரர் ஏத்திக் குடுத்துடுவாரே."

"புதுசா வாங்கினதை எதுக்கு நோண்டணும்? நீ கட்டியாவது குடு. எனக்கு இந்த டேப்பு கையெல்லாம் ஒட்டிக்குது."

கோட்டை அவள் ஒரு கடைப்பைக்குள் சுருட்டித் திணித்திருந்தாள். காலரில் முகப்பவுடர். சீட்டு பிய்ந்து தனியாகக் கிடந்தது. இப்படியே வந்தால் சிவப்புப் பெட்டிதான் என்று அண்ணிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படிச் சும்மா விடுவது? மாடிக்கு எடுத்து வந்தாள். ஈரத்துணியால் பவுடரைத் துடைத்து, காற்றில் உலர்த்தி, ஒட்டியிருந்த முடிகளை டேப்பால் ஒற்றி எடுத்தாள். சீட்டை அதே நூலில் கோத்தாள். கம்பெனியில் மடித்த தடம் துணியில் லேசாக இருக்கும். விரலால் தடவிக் கண்டுபிடித்து அதே தடத்தில் மடித்தாள். பிறகு கீழே இறங்கிப் போய்க் கேட்டாள்:

"காரணம் என்னன்னு போட்டீங்க?"

"துணி நாத்தம் அடிக்குதுன்னு போட்டேன்."

"அடிக்குதா?"

"ஏதாவது போட்டாத்தானே வாங்கிக்குவான்."

"மாத்திடுங்கம்மா. அளவு சரியில்லன்னு போடுங்க. நாத்தம்னு போட்டா நாங்க பிரிச்சுக்கூடப் பாக்கக்கூடாது, நேரா கத்திதான்."

சில நாளில் அந்தக் கோட் அண்ணியின் மேசைக்கே வந்தது. மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். பச்சைப் பெட்டிக்குப் போட்டாள். வீட்டு வாசலில் நின்றுகொண்டே, ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ திரும்பியதைச் சொல்வதுபோல, "கோட்டு பிழைச்சிடுச்சு" என்றாள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு முழுப் பணமும் வந்துவிட்டது. அவள் வாய் சும்மா இருக்குமா? மறுவாரம் எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். செருப்பு, பள்ளிப்பை, போர்வை, ஒரு தடவை குதிரை வடிவத்தில் ஒரு மேசைவிளக்கு. எல்லாரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி காசு வாங்க மாட்டாள். ஒரு சுருள் டேப் கொண்டுவந்தால் போதும். பார்சல் அக்கா என்று பெயர் வந்தது. நான் மூலையைப் பிடிப்பேன், அவள் ஒட்டுவாள்.

"நாத்தனாரே, படிச்ச கையைக் கொஞ்சம் இப்படிக் குடு. இழுத்துப் புடி. பரீட்சையிலயாவது இப்படி இழுத்துப் புடிக்கிறியா?"

அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. பகலெல்லாம் வெட்டுகிறவள் மாலையில் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மேசைக்கு நம் தெருப் பார்சல் வந்தால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும் என்பாள். "நம்ம பசங்க எல்லாம் இன்னைக்குப் பாஸ்" என்பாள்.

டீச்சர் ஒருநாள் இரண்டு கவுன்களோடு வந்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே பூப்போட்டது.

"இதுல எதுவும் சரியா இல்லையா?" என்று கேட்டாள் அண்ணி.

"சரியா இருக்கறது வீட்ல இருக்குக்கா. இது மத்த ரெண்டு."

"மூணு வாங்கினீங்களா?"

"மூணு சைஸும் போட்டேன். அளவெடுத்து, யோசிச்சு, அதெல்லாம் யாரு பண்றது? அதான் நீங்க இருக்கீங்களே."

டேப்பை நீட்டிப் பிடித்திருந்த அண்ணி, அதை அறுக்க மறந்து அப்படியே நின்றாள். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு ஷூ வருகிறது, அதையும் அடுத்த வாரம் கொண்டுவருகிறேன், எப்படியும் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அண்ணனின் சட்டையைக் கொடுக்கும் சாக்கில் அண்ணி தையல் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது. தையல்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வாயில் ஊசி இல்லை.

"என்னண்ணே, தெருவுல எல்லாரும் ஒரே அளவா ஆயிட்டாங்களா?" என்றாள் அண்ணி சிரித்துக்கொண்டே. கொஞ்ச நாளாக அவள் கடையை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் பார்சல்கள் காத்திருந்ததால் நேராக வந்துகொண்டிருந்தாள்.

"ஈகூட அளவு குடுக்க வரல" என்றார். "நம்ம தெருவுல ஒரு தங்கச்சி இருக்காம். அது மடிச்சுக் கட்டிக் குடுத்தா பைசா குறையாம திரும்பி வருதாம். அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்து கை இறக்கு, கால் ஏத்துன்னு நிக்கப்போறாங்க?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார். அண்ணி மூலையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். போர்த்தியிருந்த துணிமேல் தூசி.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள்.

"அப்ப கட்டறதை நிறுத்து" என்றான் அவன்.

"நிறுத்தினா வாங்கறதை நிறுத்துவாங்களா? திருப்பி அனுப்பற ருசி கண்டுட்டாங்க. சுருட்டித் திணிச்சு அனுப்புவாங்க. அது எங்க வரும்? என் மேசைக்குத்தான். கட்டினா அவர் கடை போகுது. கட்டலேன்னா என் கத்தி வருது."

"வேற தையல் கடை பாரேன்."

"அங்கயும் போய்ப் பாத்துட்டேன். ஆள் வேணுமான்னு கேட்டா, உங்களுக்கு வேலை ஏதாச்சும் இருக்கான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க."

இருந்தாலும் நிறுத்திப் பார்த்தாள். கைவலி என்று சொன்னாள். வந்தவர்களிடம் தையல்காரரைக் காட்டினாள். "காசு குடுத்து எதுக்குக்கா? நீங்க கைவலி சரியானதும் சொல்லுங்க, வெச்சிருக்கேன்" என்றார்கள். வைத்திருக்கவில்லை. டீச்சரின் போர்வை ஒன்று மேசைக்கு வந்தது. அதன் ஓரத்து மஞ்சள் கரையை அண்ணிக்குத் தெரியும். மளிகைப் பைக்குள் திணித்து, காரணம் நாற்றம் என்று போட்டிருந்தாள். அண்ணி அதை வெட்டினாள்.

வீட்டுக்கார அம்மா ஒரு பார்சலைப் படியில் வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சூடாகிறதாம், அடிக்கடி போட முடியவில்லையாம். அண்ணன் டிப்போவிலிருந்து வந்து கீழ்க்குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஏற்றினான்.

"கொள்கைக்காரங்களுக்குத் தண்ணி கிடையாதாம்" என்றான் மூச்சு வாங்க. "கீழ கேட்டுட்டுதான் வரேன்."

அண்ணி டேப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் மேலே வருவதற்குள் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்தது எனக்கு மட்டும் தெரியும். கட்டுவதற்கு வரும் துணிகளில், கொஞ்சம் திருத்தினால் போதும் என்று தோன்றுகிறவற்றை எடுத்து, அவரவர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லித் தையல்காரரிடம் கொடுத்தாள். கூலியைத் தானே கொடுத்தாள். அதற்காக பஸ்ஸில் வராமல் நடந்தே வந்தாள். தைத்து வந்ததை, தைத்தது என்று சொல்லாமல், உரியவர்களிடம் கொண்டுபோய், "ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அனுப்பலாமே" என்பாள். போட்டுப் பார்த்தவர்களில் சிலர் வைத்துக்கொண்டார்கள். "அட, அன்னைக்கு நான்தான் சரியாப் பாக்கல போல" என்றாள் டீச்சர். கடையில் மறுபடி கொஞ்சம் குவியல் சேர்ந்தது. முழங்காலளவு என்று எனக்குக் கையால் காட்டினாள்.

ஒருநாள் தையல்காரர் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். அதற்கு முன் வந்ததில்லை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"டீச்சரம்மா கடைப்பக்கம் போனாங்க. இடுப்பு சரியா இருக்காம்மான்னு கேட்டேன். நீங்க எப்பத் தைச்சீங்கன்னு கேக்கறாங்க."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா தங்கச்சி?"

"வேலைதானேண்ணே குடுத்தேன்."

"வேலையா இது? உங்க பஸ் காசை எடுத்து எனக்குக் கூலி. அதை வாங்கிச் சேத்து வெச்சு, நாளைக்கு உங்களையே உக்கார வெச்சு உங்களுக்குச் சம்பளமா குடுக்கணும். நல்லா இருக்குதுல்ல கணக்கு?" சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. "எனக்குப் பிச்சை போடாதீங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையமர்த்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த மாதக் கடைசியில் அண்ணியும் நானும் தெருவில் திரும்பியபோது கடை முன்னால் ஒரு சின்ன வேன் நின்றது. இரண்டு பேர் மூலை மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டதுபோல இயல்பாகப் பேசினார்.

"வாங்கறவங்க தைக்கறதுக்கு வாங்கல தங்கச்சி. மேல கண்ணாடி போட்டு, வீட்ல அழகுக்கு வெப்பாங்களாம். சாப்பாட்டு மேசையாம்."

அண்ணி வேனுக்குப் பக்கத்தில் போனாள். மெஷினின் தலையில் சுற்றியிருந்த கயிறு தளர்ந்திருந்தது. "இப்படிப் போனா ஆடி ஆடி இடிச்சுக்கும்" என்று ஏறி, அவிழ்த்து, நாலு மூலையிலும் அட்டை வைத்து, சக்கரம் உருளாதபடி குறுக்குக் கட்டு போட்டு, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். வேன்காரன் அசந்துபோய், "அக்கா எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டான். அவள் வீட்டுக்கு வந்து திரும்பவும் பார்சல் கட்ட உட்கார்ந்தாள். படியில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

கடை கொஞ்ச நாளில் மூடியது. தையல்காரரைத் தெருவில் காணவில்லை. அண்ணி அவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பூனையிடம் போய் வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டாள். பாரம் தூக்கும் இடமானாலும் பரவாயில்லை என்றாள். அவன் செருமிவிட்டு, "உங்க மேசைக்கு வேலை ஜாஸ்தியாத்தான் இருக்கு. கூட ஒரு ஆள் போடறேன், கத்தி பழகின ஆளா. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றான். அவள் போய்விட்டால் வருகிறவர்கள் விரித்துக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சிவப்பில் போடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து மேசையில் நின்றாள்.

அடுத்து நடந்ததை அன்று சாப்பிடும்போது அண்ணி சொன்னாள். புதிதாக வந்த ஆள் யார் என்பதை முதலில் சொல்லவில்லை. கதை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள்.

காலையில் பூனை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கிடங்குச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. தையல்காரர். அண்ணியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பாருங்க தங்கச்சி, சட்டை கூட அளவா குடுக்க மாட்டேங்கறான். அவன் நல்லா இருக்கணும்" என்றார். மணிக்கட்டில் கயிறு கட்ட அவருக்குத் தெரியவில்லை. அண்ணி கட்டிவிட்டாள்.

சிவப்புப் பெட்டியிலிருந்து முதலில் வந்தது ஒரு கோட். நல்ல கனமான துணி, உள்ளே வழவழவென்று லைனிங். அவர் அதைத் திருப்பிப் போட்டார். விரலால் தையலைத் தேடினார். வளைந்த முனையைத் தையலில் கொடுத்து, பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை பிரித்தார். பிறகு கை, பிறகு காலர். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோட் தனித்தனித் துண்டுகளாக, ஒன்றிலும் ஒரு கீறல் இல்லாமல், மேசையில் அடுக்கியிருந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்றாள் அண்ணி. அந்தக் கைக்குத் துணியை வேறு மாதிரி அறுக்கத் தெரியாது.

பின்னால் செருமல் கேட்டது.

"இது வெட்டினதில்ல, பிரிச்சது" என்றான் பூனை. "எவனாவது எடுத்துப் போனா சாயங்காலத்துக்குள்ள தைச்சுப் போட்டுக்குவான். குறுக்கே வெட்டணும்னு சொல்லிக்குடுங்கம்மா."

சொல்லிவிட்டு அவன் போகவில்லை. அங்கேயே நின்றான். தையல்காரர் அடுத்த கோட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?" என்றேன்.

"என்ன சொல்றது. குறுக்கே வெட்டுங்கண்ணேன்னு சொன்னேன். எங்க இருந்து எங்கன்னு கேட்டார். கை காட்டினேன். அப்படிச் சொன்னா எனக்குப் புரியாது தங்கச்சி, கோடு போட்டுக் குடுங்கன்னார். அங்க சாக்பீஸ் ஏது? விரலாலதான் போட்டேன். இந்தத் தோள்ல இருந்து அந்த இடுப்பு வரைக்கும்." மேசைமேல் விரலால் இழுத்துக் காட்டினாள். "விரல் போன தடம் துணியில லேசா விழுந்துச்சு. அதுமேலயே வெட்டினார். நூல் அளவுகூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன" என்றாள் அண்ணி. "அடுத்தது வந்துச்சு. அதுக்கும் கோடு போட்டுக் குடுத்தேன்."